அனபாஸ், த/பெ. டெஸ்டுடினியஸ்

கீழ்க்கட்டளை ஏரிக்கு மீன் வரக் கூடாது என்று யாரும் அந்தச் சுவரைக் கட்டவில்லை. மீனைக் காப்பாற்றத்தான் கட்டினார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததைக் கேட்டவர்கள் ஏதோ கெட்ட எண்ணத்தில் செய்த காரியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். நல்ல எண்ணத்தோடு வருகிற அரசாங்கத்திடம் யார் என்ன பேசுவது?

கள்ளுக்கடைகளைத் திறந்துவிட்டு, திறந்த சூடு ஆறுவதற்குள் மறுபடி மூடிய வருஷம் அது. ஆனி மாதம் ஒரு லாரி வந்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக ஓடையில் இறங்கி, நாராயணபுரத்தைத் தொட்டுக்கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய்ச் சேரும். அந்த ஓடையின் குறுக்கே, கலங்கலுக்குச் சற்றுக் கீழே, இடுப்பளவு சிமெண்டுச் சுவர் ஒன்று எழுந்தது. ஏரி மீன்கள் மழைக்காலத்தில் சதுப்புக்குத் தப்பி ஓடிவிடுகின்றனவாம். ஓடாமல் காப்பதற்காம்.

ஏரிக்கரைக் குடிசைகளில் முப்பது குடும்பங்கள் மீன் பிடித்துப் பிழைத்தன. அதில் ஒருத்தி புஷ்பம். சுவர் காய்ந்த அன்று அவள் மீன் கூடையை இறக்கி வைக்காமலே கிருபாவின் வாசலில் நின்று கத்தினாள்.

"இன்னா டீச்சரம்மா இது, பேஜாராப் பூட்ச்சி! மீனு எங்க ஓடிச்சாம்? அது வர்ற வயியவே அடச்சிட்டு கீறானுங்களே!"

புஷ்பம் சொன்னது சரி. ஐப்பசியில் முதல் வெள்ளம் ஓடையில் இறங்கும்போது, சதுப்பில் கிடக்கும் மீன்கள் அந்தப் புதுத் தண்ணீரை எதிர்த்து மேலே ஏறும். ஏரிக்குள் வந்துதான் முட்டை போடும். நாலைந்து நாள் கூத்து அது. அந்த நாலைந்து நாளில் ஏறாவிட்டால் அடுத்த வருஷம் ஏரியில் தவளைதான்.

"ஏரி பொய்ச்சா நான் திரிசூலத்துக்குக் கல்லு ஒடைக்கத்தான் போவணும்" என்றாள் புஷ்பம். சத்தம் இறங்கிவிட்டது. அவள் புருஷன் அந்தக் கல் குவாரியில்தான் பாறைக்கு அடியில் போனான். அவனை முழுசாக எடுத்துத் தரவில்லை.

கிருபாவுக்கு இருபத்து மூன்று வயது. மிஷன் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அவள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அவள் அப்பா தனசிங். பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். விலங்கியல். பிராக்டிகல் பரீட்சையில் அனபாஸ் என்ற மீனின் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் அறை எப்படி இருக்கும் என்று வரைந்து முழு மார்க் வாங்கினவள். அந்த மீனை அவள் உயிரோடு பார்த்தது பட்டம் வாங்கின பிறகுதான். புஷ்பத்திடம் வாங்கின மீனில் ஒன்று சட்டியைவிட்டு இறங்கி, செவுளை ஊன்றி ஊன்றி, அடுப்படியிலிருந்து வாசலை நோக்கி நடந்தது.

"பனையேறிம்மா அது. தண்ணி இல்லாமயே அரை நாளு நடக்கும். புடிச்சிக் கவுத்து வெய்" என்றாள் புஷ்பம்.

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அநியாயம் நடந்தால் மனு எழுதுவார்கள். கிருபா எழுதினாள்.

தாம்பரம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு அரிசி மண்டியின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். அதன் பெயர்ப் பலகை கட்டடத்தைவிட நீளம். 'தென்புறநகர்ச் சிறு நீர்வழி உள்நாட்டு மீனினக் காப்புத் தனி' என்பது தெருப் பக்கம் முடிந்துவிட, 'அலுவலகம்' என்ற மீதி மூலை திரும்பிச் சந்துக்குள் கிடந்தது. உள்ளே, 'தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் பெறுங்கள்' என்று ஒரு அட்டை. அதன் கீழே தலைமை எழுத்தர் ஸ்ரீநிவாசராகவன்.

"தமிழ்ல குடுத்திருக்கேளா, பேஷ்" என்று மனுவை வாங்கிக்கொண்டார். "ஆனா ஆபீசர் நோட் இங்கிலீஷ்லதான் பார்ப்பார். நான் சாராம்சம் போட்டு அனுப்பறேன். கவலைப்படாதீங்கோ."

மனுவில் கிருபா இப்படி எழுதியிருந்தாள்: 'பனையேறி, விரால், கெளுத்தி முதலியவை இவ்வோடை வழியாகவே ஏரிக்கு ஏறிவந்து முட்டையிடும். தாங்கள் கட்டியுள்ள சுவரால் பனையேறிகள் ஏற வழியில்லை. பனையேறிகளை நம்பி முப்பது குடும்பங்கள் பிழைக்கின்றன. சுவரை அகற்றி ஆவன செய்ய வேண்டுகிறேன்.'

ஸ்ரீநிவாசராகவன் நேர்மையான மனிதர். பதினொரு வருஷம் மீன் இலாகாவில் இருந்தும் ஒரு மீனின் பெயர்கூடத் தெரியாமல் தன்னைக் காப்பாற்றிக்கொண்டவர். பனையேறி என்றால் அவருக்குத் தெரியும்: பனைமரம் ஏறிக் கள் இறக்குகிறவன். 'விரால்' என்பதை எழுத்துப் பிழை என்று விட்டார். 'கெளுத்தி' என்பதைக் 'கொளுத்தி' என்று சிவப்பு மையில் திருத்தினார். அடுப்பைக் கொளுத்தி ஏதோ காய்ச்சுகிறார்கள். 'முட்டையிடும்' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார். கள்ளுக்குத் தொட்டுக்கொள்ள அவித்த முட்டை போடுகிறார்கள் என்று பிறகு விளங்கியது. கள் இறக்குகிறவர்கள் முப்பது குடும்பம், போக்குவரத்துக்கு அரசாங்கச் சுவர் இடைஞ்சலாக இருக்கிறதாம், இடித்துத் தர வேண்டுமாம், மனு கொடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியை என்று அழகான ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினார். எழுதிவிட்டு, நாடு போகிற போக்கை நினைத்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

ஒரு மாதம் கழித்துப் போய் நின்றபோது அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க மேட்டர் மதுவிலக்குப் பக்கம் போயிடுத்தும்மா. பனைமது ஒழிப்பு, மறுவாழ்வுப் பிரிவு. நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லே."

"சார், பனையேறின்னா மீன் சார்!"

"மீனா?" அவர் சிரித்தார். "மீன் எதுக்கும்மா பனை ஏறறது?"

"அது ஏறாது சார். பேருதான்."

"ஏறாததுக்கு ஏன் ஏறின்னு பேரு? கவர்ன்மெண்ட் ரெக்கார்டுல அப்படியெல்லாம் இருக்கப்படாது. மீனா இருந்தா அதுக்கு ஒரு சரியான பேர் இருக்குமே. அதை எழுதிண்டு வாங்கோ."

சரியான பேர் கிருபாவுக்குத் தெரியும். முழு மார்க் வாங்கின பேர். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது மனுவை எழுதினாள். 'மேற்படி பனையேறியின் முறையான பெயர் அனபாஸ் டெஸ்டுடினியஸ் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

ஸ்ரீநிவாசராகவன் இரண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டினார். "இப்பதான் தெளிவா இருக்கு."

பத்து நாளில் ஜீப் வந்தது. அதிலிருந்து ஒரு கான்ஸ்டபிளோடு மதுவிலக்கு ஆய்வாளர் லாசரஸ் இறங்கினார். தொப்பி, லத்தி, கையில் சம்மன். கிருபாவின் வீட்டு வாசலில் நின்று உரக்கப் படித்தார்.

"அனபாஸ். தகப்பனார் பெயர் டெஸ்டுடினியஸ். மதம், கிறிஸ்தவர். தொழில், பனையேறி. கீழ்க்கட்டளை ஏரிக்கரை. ஆளு யாரு?"

கிருபாவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. "சார், அது மீன் சார். லத்தீன் பேரு."

"லத்தீன் கிறிஸ்தவங்களா? சரி, கத்தோலிக்கன்னு போட்டுக்கறேன்." எழுதிக்கொண்டார். "இந்தாம்மா, வேடிக்கை பேசாதீங்க. ஆளை ஒளிச்சு வச்சா உங்க மேலயும் வழக்கு வரும். இந்த வீட்ல வேற யாரு இருக்கா?"

இருந்தது தனசிங். தாம்பரம் ரயில்வே யார்டில் கேங்மேன். அன்று வார விடுமுறை. திருநெல்வேலிப் பக்கம் தேரிக்காட்டில் பதினாறு வயதிலிருந்து பனை ஏறினவர். ஏறினது பதனீருக்கு; கள் இறக்கினதில்லை. ஒரு நாள் பாளை அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு ரயில் ஏறி வந்தவர்தான், பிறகு அந்தத் திசைக்குத் தலை வைத்துப் படுக்கவில்லை. வீட்டில்கூடச் சட்டையைக் கழற்ற மாட்டார். வேகிற சித்திரையிலும் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார்.

லாசரஸ் அவரைப் பார்த்தார். பேச்சைக் கேட்டார். எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிட்டது.

"சட்டையைக் கழட்டும்."

"சார்!" என்றாள் கிருபா.

"நீ சும்மா இருளா" என்றார் தனசிங். ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார்.

நெஞ்சில் மரம் தேய்ந்து தேய்ந்து காய்த்த தோல், நடுவில் கறுப்பாக, ஓடு மாதிரி இருந்தது. இருபது வருஷம் சட்டைக்குள் இருந்தும் அது போகவில்லை. கிருபாவே அதை அன்றுதான் முழுசாகப் பார்த்தாள். அக்கம்பக்கத்துக் காலனி ஜன்னல்களும் பார்த்தன.

லாசரஸ் கான்ஸ்டபிளுக்குக் கேட்காமல், "எங்கய்யாவுக்கும் இப்படித்தான்யா இருக்கும்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டே எழுதினார்: "அனபாஸ் என்கிற தனசிங். உடல் அடையாளங்கள் ஒத்துப்போகின்றன."

ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். 'இனிமேல் நான் மேற்படி ஓடையில் ஏறமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.' மறுவாழ்வுப் பிரிவின் அன்பளிப்பாக ஒரு பித்தளைத் தூக்குச்சட்டியும், 'திருந்தியவர்' என்று அச்சடித்த அட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்.

"மீனுக்குன்னு எழுதப்போயி எதுக்குளா என்னையக் கொண்டு நிறுத்துதே" என்றார் தனசிங். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவர் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

மறுநாள் பள்ளிக்கு லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு, கிருபா நேராக அரிசி மண்டி மாடிக்குப் போனாள். ஸ்ரீநிவாசராகவன் கையை நீட்டித் தடுக்கத் தடுக்க, தனி அலுவலர் பக்தவச்சலத்தின் அறைக் கதவைத் தள்ளினாள்.

பக்தவச்சலம் ஆறு வாரம் அமெரிக்கா போய் வந்தவர். மேஜைமேல் சுண்ணாம்பில் செய்து வர்ணம் பூசிய ஒரு சால்மன் மீன், வாயைத் திறந்தபடி, பேப்பர் பறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. கிருபா சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். அரசாங்கத்தில் பொறுமை இல்லாதவர்கள் கம்மி.

"மிஸ் கிருபா, நீங்க ஸூவாலஜி. உங்களுக்குப் புரியும். சால்மன் கேள்விப்பட்டிருப்பீங்க. கடல்லேருந்து ஆத்துல ஏறி, முந்நூறு மைல், தான் பொறந்த எடத்துக்கே திரும்பி வந்து முட்டை போடும். நான் கண்ணால பாத்தேன். அழுதுட்டேன். அங்க அணை கட்டினா பக்கத்துலயே அதுக்குப் படிக்கட்டு கட்டித் தராங்க, மீன் ஏணின்னு பேரு. வரிசையா ஏறுது, ஒண்ணை ஒண்ணு இடிக்காம! நம்ம மீனுக்கு அந்த டிசிப்ளின் இருக்கா சொல்லுங்க?"

"நம்ம மீனும் அதையேதான் சார் செய்யுது. அதுக்குப் படிக்கட்டு வேணாம். வழியை விட்டாப் போதும்."

"அதெப்படி? இந்த டிபார்ட்மெண்ட் எதுக்கு இருக்கு? மீனைக் காக்க. நாங்க ஒண்ணும் செய்யாம மீன் தானா பொழச்சுதுன்னா, அதை எந்த ரிப்போர்ட்ல எழுதறது?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இன்னொண்ணும் சொல்றேன். பனையேறின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அறுபது அடி பனையையே ஏறுற மீனு, மூணடிச் சுவரை ஏறாதா?"

"அது பனை ஏறாது சார்!"

"ஏறாதுன்னா அது பனையேறி இல்லே. அப்ப உங்க மனுவே தப்பு. ஏறும்னா சுவர் தடையே இல்லே. அப்பவும் மனு தப்பு." பேனாவை மூடினார். "இருந்தாலும் நான் திறந்த மனசுக்காரன். ஒரு ஃபீல்டு டிரயல் வச்சுப் பார்த்துடலாம். மீன் ஏணிக்கும் சேர்த்து எழுதிடறேன்."

புரட்டாசி இரண்டாம் வாரம் அந்தப் பரிசோதனை நடந்தது. ஏரிக்கரையில் ஒற்றையாக நின்ற பனைமரத்தடியில் சாமியானா போட்டார்கள். பக்தவச்சலம், ஸ்ரீநிவாசராகவன், மதுவிலக்கின் சார்பில் லாசரஸ், எல்லோருக்கும் நாற்காலி, சோடா. புஷ்பம் சட்டியில் மூன்று பனையேறிகளைக் கொண்டுவந்து நின்றாள்.

"மரத்தடியில் விடவும்" என்று ஸ்ரீநிவாசராகவன் படித்தார்.

புஷ்பம் கிருபாவைப் பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, இவங்களுக்குக் கிறுக்கு புட்ச்சிருச்சா?"

"விடு புஷ்பம். ஆபீசருங்க பாக்கணுமாம்."

விட்டாள். முதல் மீன் மரத்தடியில் கிடந்து செவுளை மூடித் திறந்தது. இரண்டாவது, லாசரஸின் பூட்ஸ் வரை போய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. மூன்றாவது மட்டும் ஒரு முடிவோடு, புழுதியில் நெளிந்து நெளிந்து, ஏரித் தண்ணீரை நோக்கி நடந்தது. ஒரு மணி நேரம் இப்படிப் போயிற்று. பக்தவச்சலம் ஒருமுறை எழுந்து, முதல் மீனை மரத்தின்மேல் முழ உயரத்தில் கையாலேயே வைத்துப் பார்த்தார். அது விழுந்தது.

"மோட்டிவேஷன் இல்லே" என்றார்.

அந்த இடத்திலேயே அறிக்கை எழுதப்பட்டது. 'போதிய கால அவகாசமும் ஊக்கமும் அளித்தும் மேற்படி மீன்கள் மரம் ஏற முன்வரவில்லை. அவற்றுள் ஒன்று, மரத்துக்கு நேர் எதிர்த்திசையில் சென்று விசாரணையைத் தவிர்த்தது.' லாசரஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது கிருபாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்துக்கினியா" என்றாள் புஷ்பம், வெறும் சட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே. "நம்ம மீனுக்கு இருக்கிற அறிவு. தண்ணி எங்க கீதுன்னு அதுக்குத் தெரியிது."

ஏணி ஐப்பசி பிறந்த மறுநாள் வந்தது. பக்தவச்சலம் எழுதியிருந்தது அமெரிக்காவில் பார்த்த சிமெண்டுப் படிக்கட்டைத்தான். ஆனால் கோப்பில் 'ஏணி, மீனுக்கானது, ஒன்று' என்று போயிற்று. கிடங்குக்காரர்கள் ஏணி என்றால் ஏணிதான் அனுப்புவார்கள். பதினாலு படி மூங்கில் ஏணி. பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். சுவரின் இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்க வேண்டும் என்று அதை நடுவில் அறுத்து, ஏழு படி இந்தப் பக்கம், ஏழு படி அந்தப் பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். மேலே தகரப் பலகை: 'மீன்களுக்கு மட்டும். மனிதர்கள் ஏறக் கூடாது.'

கிருபா ஓடைக் கரையில் நின்று அந்தப் பலகையைப் படித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாலையில் உட்கார்ந்து ஏழாவது மனுவை எழுதினாள்.

நாலாம் நாள் காலை மழை பிடித்தது. பள்ளிக்கூடம் விட்டார்கள். பதினோரு மணிக்கெல்லாம் புஷ்பம் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"யம்மா, வந்து பாரும்மா! வந்து நின்னுகினு கீதும்மா எல்லாம்!"

சுவருக்குக் கீழே தண்ணீர் தெரியவில்லை. மீன்தான் தெரிந்தது. பனையேறியும் விராலும் கெளுத்தியும் ஒன்றன்மேல் ஒன்றாக, சினைவயிறு தூக்கிக்கொண்டு, சிமெண்டில் முட்டி முட்டி விழுந்தன. சுவர்மேல் வழிந்த தண்ணீரில் எம்பினவை பாதியில் புரண்டு பாறாங்கல்லில் அடிபட்டன. சில மீன்களின் மூக்கு வெள்ளையாகப் பிய்ந்திருந்தது. கரையெல்லாம் காக்கை. சுவர் முழுக்கச் சினை அப்பிக் கிடந்தது, யாரோ சாந்து பூசின மாதிரி. எந்த மீனும் ஏணிப் பக்கம் போகவில்லை.

கிருபா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். புஷ்பம் இறங்கினாள். குடிசைப் பெண்கள் அத்தனை பேரும் கூடை, முறம், சட்டி என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். கீழே அள்ளி, ஏணியில் ஏறி, மேலே இருக்கிறவளிடம் கொடுத்து, ஏரிப் பக்கம் கொட்டினார்கள். கெளுத்தி முள் கையைக் கிழித்தது. தனசிங் யார்டிலிருந்து நேராக வந்தவர், சட்டையைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு ஏணியின் நடுப்படியில் நின்றுகொண்டார். யார் பார்க்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நாள் இப்படி. எல்லாவற்றையும் தூக்க முடியவில்லை. பாதிக்குமேல் செத்துப்போயிற்று. மீதி ஏரிக்குள் போயிற்று.

மூன்றாம் நாள் மழை கொஞ்சம் விட்டது. ஜீப்பில் பக்தவச்சலம் வந்தார். பின்னால் ஸ்ரீநிவாசராகவன் குடையோடு. இரண்டு கூலியாட்கள் கடப்பாரையோடும் பெரிய பலகையோடும். ஒரு போட்டோக்காரர்.

பக்தவச்சலம் ஏரியில் ஒரு வலையைப் போடச் சொன்னார். பனையேறி வந்தது. விரால் வந்தது. கெளுத்தி வந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

"ஏறிடுச்சே!" என்றார். "ராகவன், எழுதிக்குங்க. ஏணி மூலமா மீன்கள் வெற்றிகரமா ஏரியை அடைஞ்சிருக்கு."

"நாங்கதான் சார் தூக்கிப் போட்டோம்" என்றாள் கிருபா. "இந்தப் பொம்பளைங்க. ரெண்டு நாளா." கையைக் காட்டினாள். கை முழுக்க முள் கிழித்த கோடு.

"எது வழியாத் தூக்கினீங்க?"

"ஏணி வழியா..."

"அதைத்தான் சொல்றேன்" என்றார் அவர், மிகவும் மென்மையாக. "மனுஷங்க ஏறக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. ஏழைப் பொம்பளைங்க, அதை நான் பெரிசு பண்ணலே. மிஸ் கிருபா, உங்களாலதான் இது சாத்தியமாச்சு. அதனால உங்ககிட்டயே முதல்ல சொல்றேன். நாராயணபுரம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம், எல்லா ஓடையிலயும் இதே மாடல்ல சுவர் கட்டப் போறோம். ஒவ்வொண்ணுக்கும் ஏணி. பள்ளிக்கரணையைச் சுத்தி ஒரு மீன் தப்ப முடியாது!"

கூலியாட்கள் பலகையை நிமிர்த்தினார்கள். 'மாதிரிச் சுவர்' என்று எழுதியிருந்தது. குழி தோண்டக் கடப்பாரையை ஓங்கி ஈரக் கரையில் குத்தினார்கள்.

கிருபா நின்றாள். இரண்டு நாள் கை கிழியக் கிழியத் தூக்கிப் போட்டது எதை என்று அவளுக்கு அப்போது விளங்கியது. மீனைத் தூக்கவில்லை. இந்த ஆளின் ரிப்போர்ட்டைத் தூக்கிப் பத்திரமாக அந்தப் பக்கம் சேர்த்திருக்கிறாள். ஏரிக்கு ஏரி இனி பெண்கள் மழையில் நின்று தூக்குவார்கள். தூக்காத ஊர்களில் திரிசூலத்துக்குப் போவார்கள். எல்லாச் சுவரும் நல்லபடி வேலை செய்யும்.

கீழே பிந்தி வந்த மீன்கள் இன்னும் முட்டிக்கொண்டிருந்தன. மேலே கறுத்துக்கொண்டு வந்தது. அடுத்த மழைக்கு இன்னொரு கூட்டம் ஏறும்.

"அண்ணா, அதைக் கொஞ்சம் குடுங்க" என்றாள் கூலியாளிடம். அவர் என்னவோ உதவிக்குத்தான் கேட்கிறாள் என்று கடப்பாரையைக் கொடுத்துவிட்டார்.

முதல் குத்து ஏணியைப் பூட்டியிருந்த சங்கிலிக்கு. இரண்டாவது சுவரின் தலையில். சுவர் அரசாங்கம் கட்டினது. மூன்றாவது குத்துக்கே ஒரு துண்டு பெயர்ந்தது. தண்ணீர் அந்த இடைவெளியில் வாய் வைத்தது.

"ஏய்! ஏய்! நிறுத்து!" பக்தவச்சலம் சேற்றில் இறங்கிவிட்டார். "கவர்ன்மெண்ட் பிராபர்ட்டி! ராகவன், போலீசுக்கு எழுதுங்க!"

"எந்தப் பிரிவுக்கு சார்? சுவர்னா மராமத்து, மீன்னா நாம, அவா ஃபேமிலின்னா மதுவிலக்கு..."

புஷ்பம் பக்கத்துக் குடிசை வாசலில் கிடந்த அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு வந்தாள். தனசிங் ஏணியைப் பிடுங்கிக் கரையில் எறிந்தார். உடைப்பு முழ அகலம் ஆயிற்று. ஒரு பனையேறி அதில் நுழைந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

பக்தவச்சலம் முழங்கால் வரை நனைந்து நின்றார். அவருக்கு நிஜமாகவே மனசு புண்பட்டிருந்தது. "நீ படிச்ச பொண்ணுதானே? படிச்சவ செய்யிற காரியமா இது?"

கிருபா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"படிச்சதாலதான் சார் மூணு மாசம் மனு எழுதினேன். படிக்காம இருந்திருந்தா நீங்க சுவர் கட்டின அன்னிக்கே இடிச்சிருப்பேன்."

சொல்லிவிட்டுக் கடப்பாரையை மறுபடி ஓங்கினாள்.